நாற்பத்தாறு சைஸ் எஞ்சின்

ஆமத்தூர்
25.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி முனியராஜ் எழுதுவது. அம்மா, இசைவாணி, நான் மூவரும் சுகம். பனிமலையில் உங்களுக்குச் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறதா என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் முகாமிலிருந்து வருகிற ஏழு நிமிட போனை அம்மாவே பிடித்துக்கொண்டு, ஏழு நிமிடமும் உங்களுக்குப் பெண் பார்க்கிற கதையையே பேசி முடித்துவிடுகிறார். ஆகையால் நம்முடைய விமான விவகாரத்துக்குக் கடிதத்தை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் துக்கச் செய்தி. போன லீவுக்கு வரும்போது புனேயிலிருந்து நீங்கள் வாங்கி வந்த, ரிமோட்டில் பறக்கும் தெர்மகோல் விமானம் காலமாகிவிட்டது. கருவேல மரத்தில் மோதி இறக்கை மூன்றாகிவிட்டது. ஏழு தடவை ஒட்டியாயிற்று, இனி ஒட்டினால் பசைதான் பறக்கும்.

அடுத்தது நல்ல செய்தி. இரண்டாவது விமானம் தயார். பால்சா கட்டையில் ஆறு மாதம் உட்கார்ந்து செய்தேன். இறக்கை ஐம்பத்தைந்து அங்குலம். கூடத்தில் தொங்குகிறது, இசைவாணி தினமும் தலையில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். மூக்கு மட்டும் காலியாக இருக்கிறது. அதில் எந்த எஞ்சினை வைப்பது?

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் சாதிக் பாட்சா அண்ணாச்சியைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? இந்தப் பக்கத்தில் விமானம் விடுகிற இன்னொரு கிறுக்கு அவர்தான். எது வேண்டுமென்று சொன்னால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். பழையபடி பேட்டரி மோட்டாரா, மெத்தனாலில் ஓடும் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா? எஞ்சின் என்றால் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? பட்டாளத்து லாரியெல்லாம் பிரித்து மாட்டுகிற கை உங்களுடையது. நீங்கள் சொல்வதுதான் முடிவு. போன வியாழக்கிழமை மதியம் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில் அண்ணாச்சியின் விமானத்தை அரை மணி நேரம் ஓட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நீங்கள் சொன்னபடி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற செட்டை விட்டு பேக்கிங்குக்கு மாறி ஒரு வருடமாகிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
முனியராஜ்

*

இராணுவ அஞ்சல் வழி
12.12.2024

அன்புத் தம்பி முனியராஜுக்கு,

உன் கடிதம் பதினேழு நாள் பயணம் செய்து, ஓரமெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தது. நான் நலம். குளிர் மட்டும் மூக்கைக் கழற்றி வைத்துவிடலாமா என்று நினைக்க வைக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? உன் மனைவி இசைவாணியைத் தலை குனிந்து நடக்கச் சொல்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பேட்டரியில் ஓடுவதற்கு எஞ்சின் என்று பெயர் கிடையாது. அது மிக்சி. முதல் விமானத்துக்கு மிக்சி போதும் என்றுதான் வாங்கித் தந்தேன். பால்சாவில் ஆறு மாதம் செய்த விமானத்தின் மூக்கில் மிக்சியை மாட்டினாயானால் லீவுக்கு வரும்போது உன்னோடு பேச மாட்டேன்.

பெட்ரோல் எஞ்சின் உன் விமானத்துக்குக் கனம். மூக்கு தரையைப் பார்க்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் குரல் கேட்க அருமையாக இருக்கும், ஆனால் வால்வு இடைவெளி பார்க்கத் தெரியாதவன் கையில் அது மூன்றாம் நாள் படுத்துக்கொள்ளும். உனக்கு ஏற்றது நாற்பத்தாறு சைஸ் டூ ஸ்ட்ரோக். இலேசானது, தப்பு செய்தாலும் மன்னிக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும். உள்ளே பேரிங் போட்டதாகப் பார்த்து வாங்கு.

இன்னொன்று. பேக்கிங்கில் இருக்கிறவன் வியாழக்கிழமை மதியம் பொட்டலில் எப்படி நின்றாய்? பேக்கிங் முடிய ஆறு மணியாகும். மதியத்துக்கு முன்னால் கைகழுவி வீட்டுக்கு வருகிறவர்கள் மருந்து கலக்குகிறவர்கள்தான். வெயில் ஏறுமுன் கலந்து முடித்துவிட வேண்டும் என்பது அப்பா காலத்திலிருந்தே சட்டம். பதினொரு மணிக்கே அப்பா வீட்டுக்கு வருகிறார் என்று நாம் சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் வரவில்லை. அதற்காகத்தானே உன்னிடம் சத்தியம் வாங்கினேன்? நேராகப் பதில் எழுது.

உன் அண்ணன்,
சங்கிலிமுத்து

*

ஆமத்தூர்
27.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் மூட்டுவலிக்கு இசைவாணி தைலம் தேய்த்துவிடுகிறாள். வலி போகிறதோ இல்லையோ, அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

நாற்பத்தாறு சைஸ் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கே போய்விட்டேன். அவர் ஃபோர் ஸ்ட்ரோக் கட்சி. “ஒங்க அண்ணன் லாரிக்காரரு. ராகம் தெரியுமாய்யா அவருக்கு?” என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே ஆர்டர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் வந்துவிடும். விமானத்துக்கு மஞ்சள் அடித்து, அடியில் மட்டும் சிவப்புப் பட்டை போட்டிருக்கிறேன். மேலே போனபிறகு எது முதுகு, எது வயிறு என்று தெரிய வேண்டும்.

நம் தெரு ராக்காயி அத்தையை நினைவிருக்கிறதா? எங்கள் கம்பெனியில்தான் வேலை. பார்க்கும்போதெல்லாம், “என்ன மருமகனே, ஒன் ஏரோப்ளேனு எப்பப் பறக்கும்? நானும் ஒரு நாளு வந்து பாக்கணும்லே” என்று கேட்கிறார். முதல் நாள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். சூலக்கரைப் பக்கம் இடம் அகலம், ஆனால் கலெக்டர் ஆபீஸ் தலைக்கு மேலே விட்டால் என்னைத்தான் முதலில் பிடித்துப் போவார்கள். பொட்டலே போதும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அன்றைக்கு லோடு வரவில்லை. பேக்கிங்கில் வேலை இல்லாததால் மதியமே விட்டுவிட்டார்கள். வேறொன்றுமில்லை.

நெருப்புப் பக்கத்திலேயே இருந்து குளிர் காயுங்கள்.

தம்பி,
முனியராஜ்

*

இராணுவ அஞ்சல் வழி
14.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கலன்று எழுதுகிறேன். இங்கே வெல்லம் கல்லாகிவிட்டது, சுத்தியல் கொண்டு உடைத்துப் பொங்கல் வைத்தோம். நான் சுகம். அம்மாவுக்கும் இசைவாணிக்கும் என் அன்பைச் சொல்.

லோடு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, நம்புகிறேன். நீ என்னிடம் பொய் சொல்ல மாட்டாய்.

எஞ்சின் வந்ததும் அவசரப்பட்டு விமானத்தில் மாட்டாதே. ஒரு பலகையில் திருகி, முதலில் தரையிலேயே நான்கு டாங்க் ஓட்டு. எரிபொருளில் விளக்கெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். எரிபொருள் விடும் ஊசியைத் திறந்தே வை, புகை வரட்டும், புகை வந்தால் எஞ்சின் பிழைக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது விசிறியை வலது கை ஆள்காட்டி விரலால், கெட்டித் தோல் உறை மாட்டிக்கொண்டு, சுண்டிவிட்டு உடனே கையை எடு. பயந்து பயந்து தொட்டால்தான் அடிக்கும். நாலு சுண்டலில் பிடித்துக்கொள்ளும். முதல் முறை பிடித்துக்கொண்ட நேரத்தைக் குறித்து எனக்கு எழுது. இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். என் கூடாரத்தில் ஐந்து பேர் உன் எஞ்சினுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

உன் அண்ணன்,
சங்கிலிமுத்து

*

ஆமத்தூர்
14.02.2025

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரியக்கூடாது.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்பெனியில் மருந்து கலக்கும் செட்டு வெடித்துவிட்டது. இவர் அதற்குள்தான் இருந்தார். பேக்கிங்குக்கு மாறவே இல்லை அத்தான். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. நெஞ்சிலும் கழுத்திலும் தீப்புண். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மருந்து வாங்கிப்போக வாசலில் நின்ற ராக்காயி அத்தை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார்.

உங்களுக்குச் சொன்னால் நீங்கள் அங்கே வேலை பார்க்க மாட்டீர்கள், மலையில் கால் தடுமாறிவிடும் என்கிறார். அம்மாவையும் போனில் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்ல வைத்துவிட்டார். அம்மா அந்த ஏழு நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு, போனை வைத்ததும் அடுப்படியில் போய் அழுகிறார்.

சாதிக் பாட்சா அண்ணாச்சி சென்னையிலிருந்து திரும்பியதும் எஞ்சினை ஆஸ்பத்திரிக்கே எடுத்து வந்தார். “ஒங்க சாமான் வந்திருச்சு தம்பி, எந்திரிச்சு வாங்க” என்றார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. சாப்பாடு இறங்கவில்லை, என்னிடமும் பேச்சில்லை. தலைக்கு மேலே தொங்குகிற விமானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரியாதது போல எப்போதும்போல எஞ்சினைப் பற்றி எழுதுங்கள். உங்களோடு சண்டை போடவாவது வாயைத் திறப்பார். அவரை இழுத்துக்கொண்டு வர எனக்கு வேறு கயிறு தெரியவில்லை.

இசைவாணி

*

இராணுவ அஞ்சல் வழி
03.03.2025

அன்புத் தம்பி முனியராஜுக்கு,

நான் நலம். நீ, அம்மா, இசைவாணி எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எஞ்சின் விஷயமாக யோசித்துப் பார்த்தேன். நான் முன்னால் எழுதியது அவ்வளவு சரியில்லை என்று தோன்றுகிறது. இந்தக் காலத்தில் பேட்டரி மோட்டார்கள் நன்றாகவே வருகின்றன. எண்ணெய் ஒழுகாது, விமானம் சுத்தமாக இருக்கும், மெத்தனாலுக்கு அலைய வேண்டாம். பட்டனைத் திறந்தால் சுற்றும், மூடினால் நிற்கும். இங்கே என்னோடு இருக்கும் ஒரு கேரளத்துக்காரரும் அதைத்தான் சொல்கிறார். ஆகவே அந்த நாற்பத்தாறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாக ஒரு மோட்டார் வாங்கிக்கொள். மூக்குப் பலகையில் துளை மட்டும் மாற்றிப் போட வேண்டியிருக்கும். அதற்கு அவசரமில்லை.

விமானத்தை மட்டும் விட்டுவிடாதே. மெதுவாகச் செய். மெதுவாகவே செய்.

உன் அண்ணன்,
சங்கிலிமுத்து

*

ஆமத்தூர்
22.03.2025

அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாளாயிற்று. அம்மாவும் இசைவாணியும் நலம். என் நலம்தான் உங்களுக்குத் தெரியுமே.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படிக்கும்போதே தெரிந்துவிட்டது. பேட்டரி மோட்டாரை நல்லது என்று நீங்கள் எழுதுகிறீர்கள்! மிக்சி என்றவர் நீங்கள். இரண்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவும் இல்லை. ஒரு வாரம் தாமதமானாலே கழுதை, குதிரை என்று திட்டித்தான் உங்கள் கடிதம் தொடங்கும். ஸ்டார்ட் ஆகிற நேரத்தைக் குறிக்கச் சொன்னீர்களே, ஆயிற்றா என்று கேட்டீர்களா? விரலால் சுண்ட வேண்டாத எஞ்சினாகப் பார்த்துத் தேடியிருக்கிறீர்கள்.

இசைவாணியிடம் கேட்டேன். அழுதாள். அவளைக் கோபிக்கவில்லை. உங்கள் மேல்தான் கோபம். ஊர் முழுக்க என் கையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. நீங்கள் ஒருவராவது அந்தக் கையைப் பார்க்காமல் என்னோடு சண்டை போடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் போயிற்று.

உங்களிடம் பொய் சொன்னதும் நான்தான். மருந்து செட்டை விடவில்லை. பேக்கிங் விட ஆறு மணியாகும், அப்போது இருட்டிவிடும். கலக்குகிற வேலை பதினொரு மணிக்கு முடிந்துவிடும். மதியம் முழுக்க வானம் என்னுடையது. அதற்காகத்தான் அண்ணே. நீங்கள் இந்த வேலையை விடச் சொன்னதும் என் நல்லதுக்குத்தான் என்று தெரியும். ஆனால் எனக்கு அந்த மதியங்கள் வேண்டியிருந்தன.

முனியராஜ்

*

இராணுவ அஞ்சல் வழி
08.04.2025

என் அன்புத் தம்பிக்கு,

உன் இடது கை எழுத்தைப் பார்த்துவிட்டு கூடாரத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். நான் உடலால் நலம். பொய்யாக அந்தக் கடிதத்தை எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. லாரி ஓடவில்லை என்றால் மூடியைத் திறந்து பார்க்கிறவன் நான். உன்னிடம் மட்டும் மூடியைத் திறக்கப் பயந்துவிட்டேன்.

தப்பு உன்னுடையது இல்லையடா. அப்பாவைப் பறிகொடுத்த வீட்டுக்குள் அந்த விமானத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டது நான். மதியத்தின் ருசியை உனக்குக் காட்டியதும் நான். இதை எழுதாமல் என்னால் தூங்க முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். மிக்சி வேண்டாம். நாற்பத்தாறே இருக்கட்டும். விசிறியைச் சுண்ட விரல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரப்பர் மூக்கு வைத்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் இருக்கிறது, இடது கையால் பிடித்து அழுத்தினால் போதும். ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் ஓட்டுவது கட்டைவிரல்தான். உனக்கு இரண்டு கட்டைவிரலும் இருக்கின்றன. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, மெக்கானிக்காகச் சொல்கிறேன்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி லீவில் ஊருக்கு வந்துவிடுவேன். இருவரும் பொட்டலுக்குப் போவோம். நான் எஞ்சினைப் பிடித்துக்கொள்கிறேன், நீ ஓட்டு. அதுவரை தினமும் இரண்டு வேளையாவது சாப்பிடு. விமானத்தில் தூசி துடைத்து வை. சரி என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

உன் அண்ணன்,
சங்கிலிமுத்து

*

ஆமத்தூர்
26.04.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. அம்மாவும் இசைவாணியும் நலம். புண் ஆறிவிட்டது. நீங்கள் சொன்னபடி சாப்பிடுகிறேன். சரி என்று ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நீங்கள் செய்யாத தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருப்பதால் இதை எழுதியே ஆக வேண்டும்.

விபத்துக்கு முந்தின நாள் இரவு சாதிக் பாட்சா அண்ணாச்சி போன் செய்தார். “எஞ்சினு வந்திருச்சு. நாளைக்கு வெள்ளிக்கெழம, பன்னெண்டரைக்கு ஜும்ஆ தொழுகைக்குக் கடையச் சாத்திருவேன். அப்பிடியே சென்னைக்கு மக பெனாசிர் வீட்டுக்குப் போறேன், வர அஞ்சாறு நாளாகும். அதுக்கு முன்ன வந்தா வாங்கிக்கிரலாம்” என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை. சைக்கிள் பஞ்சர், பஸ்ஸோ பத்தே முக்காலை விட்டால் பன்னிரண்டரைக்குத்தான். பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே விடியவிட்டேன்.

மறுநாள் பத்தரைக்குக் கடைசிச் சல்லடை. ராக்காயி அத்தை வாசலில் தட்டோடு நின்றார். “என்னலே இன்னைக்கி இம்புட்டுப் பறக்க?” என்று கேட்டார். எஞ்சின் வந்துவிட்டது என்றேன். “அப்ப வாற ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போவியா?” என்றார். சல்லடையில் ஒரு கட்டி நின்றது. அந்த மாதிரிக் கட்டியை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத்தான் உதிர்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடமாகும். பதினோரு வருடமாக அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன்.

அவ்வளவுதான். விசாரணைக்கு வந்தவர்கள் உராய்வு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எப்படி உராய்ந்தது என்று என்னிடம் கேட்டார்கள், நினைவில்லை என்றேன். எல்லாம் நினைவிருக்கிறது. சங்கரலிங்கம் மாமா, அத்தையின் புருஷன், ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “நீயாச்சும் பொழச்சியே மாப்ளே” என்று என் தலையைத் தடவினார். அந்தக் கை இன்னும் என் தலைமேல் இருக்கிறது. இசைவாணிக்குக்கூட இது தெரியாது.

இப்போது சொல்லுங்கள் அண்ணே, எந்த எஞ்சினை மாட்ட?

முனியராஜ்

*

இராணுவ அஞ்சல் வழி
12.05.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

எஞ்சின் கேள்வி நான் வரும்வரை இருக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் கேள். இதை யாரிடமும் சொல்லாதே. இசைவாணியிடம் சொல்லாதே. சங்கரலிங்கம் மாமாவிடம் சொல்லவே சொல்லாதே. கேஸ் இன்னும் முடியவில்லை, நீ சொல்வது உன்னோடு நிற்காது. அவர் பாவம், எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அத்தை திரும்பி வரப்போவதில்லை. உன் பாரத்தை இறக்கி வைக்க அவர் தலையா கிடைத்தது? என் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு. நான் வந்துவிடுகிறேன். உன்னைத் தனியாக விட மாட்டேன். ஆறு வாரம்தான் இருக்கிறது. எனக்காகப் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்,
சங்கிலிமுத்து

*

ஆமத்தூர்
01.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மா நலம். உங்களுக்காக மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறார். இசைவாணியும் நலம். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் பொறுத்தேன். உங்கள் பேச்சை மீறுவது இது இரண்டாவது தடவை. மன்னியுங்கள்.

இன்று காலை சங்கரலிங்கம் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு ஞாயிறு லீவு, வீட்டில்தான் இருந்தார். தானே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வா மாப்ளே, சாப்ட்டியா?” என்று இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினார். அந்தத் தட்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். அண்ணாச்சியின் போன், பத்தே முக்கால் பஸ், கட்டி, உள்ளங்கை, அத்தை கடைசியாகக் கேட்டது, எதையும் விடவில்லை. அவர் கரண்டியால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டார். அடி பிடிக்கிற வாசனை வந்தபிறகும் கிண்டிக்கொண்டே இருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு, “அந்த எஞ்சினு எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

கேட்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பையில் எடுத்துத்தான் போயிருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்காக வாசலுக்கு எடுத்து வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கைக்குள் முழுசாக அடங்கிவிட்டது.

“இம்புட்டுதானா மாப்ளே?” என்றார்.

“இம்புட்டுதான் மாமா.”

திட்டுவார் என்று நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் எஞ்சினை என் பக்கம் நீட்டினார். நான் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பிடித்து விரித்து, அதில் எஞ்சினை வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமே வராமல் அவ்வளவு மெதுவாகச் சாத்தினார்.

எஞ்சினை மேசைமேல் வைத்திருக்கிறேன். விமானத்தைக் கீழே இறக்கிவிட்டேன். ஸ்டார்ட்டர் வாங்கி வர வேண்டாம் அண்ணே, எதுவும் வாங்கி வர வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். இருபத்தைந்தாம் தேதி விருதுநகர் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். மாமா வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. கஞ்சியைச் சாப்பிட்டாரா என்று இசைவாணியைப் போய்ப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி,
முனியராஜ்